முடிக்காத குல்லா

— பின்னாடி சுத்தாதே! டேய், கையை எடு. அந்தக் கைப்பிடி முன்பக்கம் மட்டும்தான் சுத்தும்.

— சும்மா தொட்டுப் பாத்தேன் அக்கா. நான் என்ன கண்டேன்?

— நீ சும்மா தொட்டதுக்கே பாரு, ஒரு கண்ணி கழண்டு தொங்குது. அப்பா குளிச்சுட்டு வந்து இதைப் பாத்தார்னா வீடு ரெண்டாயிடும். அந்தக் கொக்கியை எடு. ஜன்னல் கட்டையில இருக்கு பாரு, சிவப்புப் பிடி போட்டது.

— இதா? இந்தா. இவ்வளவு சின்ன மெஷினா அக்கா? சின்ன வயசுல பாத்தது, போன்ல நீ சொன்னப்போ என்னமோ பெருசா ஞாபகம்.

— பெருசைக் கம்பெனியில ஓட்டினார். இது மேஜை ஓரத்துல திருகி மாட்டுறது. நடுவுல ஓட்டையா வட்டமா இருக்கா? சுத்தி வரிசையா ஊசி நிக்குதா? கைப்பிடியைச் சுத்தினா ஒவ்வொரு ஊசியா எழுந்து நூலைக் கவ்விட்டு உக்காரும். பின்னினது நடு ஓட்டை வழியா குழாயாட்டம் கீழே இறங்கும். அவ்வளவுதான் விஷயம். நம்ம ரெண்டு பேருக்கும் இதுலதானே குல்லா போட்டுக் குடுத்தார்? மறந்துட்டியா?

— மறக்கல. காது அரிக்கும். ஸ்கூல் வாசல்லயே கழட்டிப் பைக்குள்ள திணிச்சுடுவேன்.

— எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

— அவருக்குமா? ஒரு வார்த்தை கேட்டதில்லையே.

— கேக்க மாட்டார். பேசாம இரு, தண்ணிச் சத்தம் கேக்குதா? சத்தம் நின்னா நான் ஓடணும். இல்லைன்னா துண்டைக் கட்டாம வெளியே வந்துடுவார். காலையிலேருந்து குளிக்க மாட்டேன்னு அடம். இப்பதான் போனார். அதான் இன்னைக்கு மெஷின் சரியா ஓடல, ஒரு சாண் கூட இறங்கல.

— அக்கா, அப்பாவைக் கூட்டிட்டுப் போக சாயங்காலம் வண்டி வந்துடும்.

— வந்ததுலேருந்து அதையே சொல்லிக்கிட்டிருக்கே. நீ சொல்லாட்டியும் வரத்தான் போகுது.

— பெட்டி கட்டிட்டியா?

— கட்டல.

— அக்கா.

— நீயே கட்டு, பெரிய மனுஷா. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே! எந்தச் சட்டைக்குப் பட்டன் போட வராம உக்காந்து அழுவார், எந்தச் சோப்பைக் கண்டா தள்ளி விடுவார், செருப்பை எந்தக் கால்ல முதல்ல மாட்டணும், எல்லாம் பக்கத்துல இருந்து பாத்தவன் நீதானே.

— குத்திக் காட்டாதே. பக்கத்துல இருக்க முடியலைன்னுதானே இந்த ஏற்பாடே. நல்ல இடம் அக்கா. நானே நேர்ல போய்ப் பாத்தேன். கட்டில் பக்கத்துல ஜன்னல், ஜன்னல்ல மரம். நர்ஸ் எந்நேரமும் இருக்காங்க. இவரை மாதிரியே இன்னும் எத்தனையோ பேர்...

— இவரை மாதிரி யாரும் இல்ல.

— உன் மணிக்கட்டைக் காட்டு.

— எதுக்கு?

— காட்டுன்னா காட்டு. இது என்ன? கதவுல இடிச்சுக்கிட்டேன்னு மட்டும் சொல்லாதே.

— கதவுதான்.

— கதவுக்கு விரல் இருக்கா?

— நான் கடைக்குப் போயிருந்தேன்டா. நூல் தீந்திருக்கு. அவர் கவனிக்காம சுத்திக்கிட்டே இருந்திருக்கார். நூல் தீந்தா ஊசியில எதுவும் நிக்காது, மொத்தமும் கழண்டு கீழே விழுந்துடும். நான் வந்தப்போ அதைக் கையில வச்சுக்கிட்டு நடுங்கிக்கிட்டு நின்னார். நான்தான் அறுத்துட்டேன்னு நினைச்சுட்டார். வேணும்னு செய்யல.

— வேணும்னு செய்யலைன்னா வலிக்காதா? அடுப்பை அணைக்காம விட்டார், வேணும்னு இல்ல. நடு ரோட்டுல நின்னு பஸ்ஸை மறிச்சு, கம்பெனி வாசல்ல இறக்கி விடுன்னார், வேணும்னு இல்ல. நீ வேலையை விட்டே. எப்ப சாப்பிட்டே, எப்ப தூங்கினேன்னு உனக்கே தெரியாது. கண்ணாடியில உன் மூஞ்சியைப் பாக்கிறியா இல்லையா? நான் என்ன சொல்ல வரேன்னா, இது இனிமே நல்லாகப் போறதில்ல.

— ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? டாக்டர் சொன்னப்போ பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தது நீயா நானா? என்னைப் பொண்ணுன்னு கூப்பிட்டே எவ்வளவோ காலமாச்சு. இப்ப நான் கோன்காரி. கம்பெனியில நூல் கோனைக் கொண்டாந்து வைக்கிற பொம்பளை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பாத்து முன்ன மாதிரி 'அம்மாடி'ன்னு கூப்பிட்டார்னா எனக்குப் போதும். அது நடக்காதுன்னும் தெரியும். ஆனா அந்தக் கைப்பிடியைச் சுத்துறப்போ மட்டும் அவர் அவரா இருக்கார். உன்னோட நல்ல இடத்துல இந்த மெஷினை வைக்க விடுவாங்களா?

— ஊசி இருக்கிற எதையும் விட மாட்டாங்க.

— பாத்தியா?

— சரி, அவர் அவரா இருக்கார்ங்கிறே. பகல் பூரா சுத்துறார்ங்கிறே. அப்ப வீட்டுல ஒரு குல்லா கூட காணோமே? அலமாரியில பாத்தேன், கட்டிலுக்கடியில பாத்தேன். எங்கே அதெல்லாம்? யாருக்காவது குடுத்துட்டியா?

— அந்த நூலைத் தொட்டுப் பாரு.

— இதுக்கு என்ன? சுருட்டை சுருட்டையா இருக்கு.

— பின்னிப் பிரிச்ச நூல் அப்படித்தான் இருக்கும். எல்லாம் ஒரே நூல்தான்டா. அவர் பகல்ல பின்னுவார். அவர் படுத்ததும் நான் கழட்டிப் பிரிச்சு உருண்டையாச் சுத்தி வச்சுடுவேன். காலையில முதல் சுத்தை மட்டும் நானே ஊசியில மாட்டி வச்சுடுவேன். அவர் வந்து உக்காந்து சுத்த ஆரம்பிப்பார்.

— தினமுமா?

— தினமும்தான்.

— என்ன அக்கா இது? ஏன்?

— முடிக்க மாட்டேங்கிறாரே, நான் என்ன பண்ண? எந்த நீளத்துல நிறுத்தணும், எப்படி முடியணும்ங்கிறது மட்டும் அவர் தலையிலேருந்து போயிடுச்சு. ஒரு பெரிய வித்தையும் இல்ல. நூலை அறுத்துத் தையல் ஊசியில கோத்து, கண்ணி கண்ணியா வாங்கி, சுருக்குப் பை மாதிரி இழுத்து முடிச்சுப் போடணும். அந்த முனையையும் அதே மாதிரி இழுக்கணும். பாதியை உள்ளே தள்ளினா ரெட்டைக் குல்லா. நிறுத்துங்கப்பான்னா ஷிப்டு முடியலைங்கிறார். விட்டா ஹால்லேருந்து சமையல்கட்டு வரைக்கும் குழாய் நீண்டு கிடக்கும். அதை யார் தலையில மாட்ட? ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்துல மாட்டலாம்.

— சிரிக்காதே அக்கா. அவர் பகல்ல செய்யிறதை நீ அழிக்கிறே.

— அழிக்கல. மறுநாளைக்கு வேலை வச்சுக் குடுக்கிறேன்.

— அவர் ஒரு பக்கம் சுத்துறார், நீ இன்னொரு பக்கம் சுத்துறே. ரெண்டு பேரும் இப்படியே சுத்திச் சுத்தி எங்கே போய்ச் சேரப் போறீங்க?

— எங்கேயும் போக வேணாம்னுதான். தண்ணி நின்னுடுச்சு! நகரு. அப்பா, இருங்க, துண்டு கதவு மேலே இருக்கு! கட்டிக்கிட்டீங்களா? வாங்க, சட்டையை நான் போட்டு விடறேன்.

— யாரு மெஷினைத் தொட்டது?

— யாரும் தொடலப்பா. உக்காருங்க, தலையைத் துவட்டுறேன். ஈரம் சொட்டுது.

— ஏம்மா கோன்காரி, என்கிட்டயே கதையா? நான் நிறுத்திட்டுப் போன இடம் வேற, இப்ப நிக்கிற இடம் வேற. பின்னாடி சுத்தியிருக்கு. எந்த மடையன் இந்த வேலையைப் பாத்தான்னு... அடடே, வணக்கம் சார்! சூப்பர்வைசர் வந்திருக்கார்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியாம்மா?

— அப்பா, நான்தான்ப்பா.

— விடுடா. சட்டையைப் பேண்டுக்குள்ள விட்டிருக்கேல்ல, அதான். அவருக்கு நீ இனிமே சூப்பர்வைசர்தான்.

— சார், வந்ததுக்கு ஒரு புகார் சொல்லிடறேன். நூல் சரியில்ல. புது நூல்னா நேரா ஓடியாரும். இது சுருண்டு சுருண்டு வருது.

— மாத்தச் சொல்றேன்.

— மாத்த வேணாம் சார், அது கிடக்கட்டும். என் கையில எந்த நூலும் ஓடும், என்னங்கிறேன்? கொக்கியைக் குடும்மா. பாருங்க சார், இந்தக் கண்ணி கழண்டு கீழே போயிருக்கு. பதறக் கூடாது. உள்ளே கொக்கியை விட்டு, படிப்படியா ஏத்திக் கொண்டாந்து, மறுபடி அதோட ஊசியிலயே மாட்டணும். வெடுக்குன்னு இழுத்தா பக்கத்துல இருக்கிறவனும் சேந்து அவுந்துடுவான். ஆச்சு. எந்த இடத்துல விட்டுச்சுன்னு தெரியுதா?

— தெரியல.

— தெரியக் கூடாது, என்னங்கிறேன்?

— கையைப் பாத்தியாடா? துளி நடுக்கம் இருக்கா? பட்டன் போட வராத கைடா அது.

— பாத்தேன் அக்கா. அதுக்காக...

— ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். மாட்டேன்னு சொல்லிடாதே. வண்டி வரதுக்குள்ள அவர் ஒரு குல்லாவை முடிச்சுட்டார்னா, நீ அந்த வண்டியைத் திருப்பி அனுப்பிடணும்.

— இது என்ன விளையாட்டா?

— விளையாட்டு இல்ல சாமி. எனக்கு வேற எதுவும் மிச்சமில்ல, அதான் கேக்கிறேன். முடிக்கத் தெரிஞ்சா, அவர் உள்ளே எங்கேயோ இருக்கார்னுதானே அர்த்தம்? இருக்கிற மனுஷனை எப்படிடா கொண்டு போய் விடுவே?

— முடிக்கலைன்னா?

— பெட்டியை நானே தூக்கிட்டு வரேன். அழ மாட்டேன்.

— சரி.

— சத்தியமா?

— சரின்னுட்டேன்ல?

— அப்பா, இந்த ரெண்டு மணி நேரத்துல நல்லா இறங்கிடுச்சே! ஒரு முழம் வந்தாச்சு. குல்லாவுக்கு இது போதுமே?

— ஓடுற மெஷினை அளக்கக் கூடாது.

— நிறுத்திட்டு அளக்கலாம்ப்பா. இந்தாங்க தையல் ஊசி. முனையைச் சுருக்கிடலாம்.

— ஷிப்டு முடியலையேம்மா.

— இன்னைக்குச் சீக்கிரம் முடியுதாம். சூப்பர்வைசர் சொல்றார். சொல்லேன்டா!

— ஆமா. இன்னைக்கு அரை நாள்தான்.

— சார் புதுசு, பாவம். இந்த மெஷினுக்கு அரை நாள் கிடையாது சார். நான் நிறுத்த மாட்டேன். நிறுத்துனா கஷ்டம்.

— என்ன கஷ்டம்ப்பா? யாருக்குக் கஷ்டம்? ஒரு தடவைப்பா. உங்க காலைப் பிடிக்கிறேன். நான் நூலை அறுத்துக் குடுக்கிறேன், நீங்க கண்ணியை மட்டும்...

— அறுக்காதே! கத்திரியைக் கீழே போடு! போடுங்கிறேன்!

— அப்பா, கை வலிக்குது. அப்பா!

— விடுங்கப்பா! அக்கா, கத்திரியை என்கிட்ட குடு. விடுங்க, அவ அறுக்க மாட்டா. பாருங்க, கத்திரி என்கிட்ட இருக்கு. சுத்துங்க. நீங்க பாட்டுக்குச் சுத்துங்க. அக்கா, போதும்.

— இன்னும் வண்டி வரல.

— அதே மணிக்கட்டு. பாரு எப்படிச் செவந்திருக்கு.

— நீ பக்கத்துல நின்னு கலைச்சுட்டே. நீ வராம இருந்தா செஞ்சிருப்பார்.

— நான் வராத நாள்லெல்லாம் செஞ்சாரா?

— நூல் உருண்டை கீழே உருண்டிருக்கு, எடுத்து மேஜை மேல வை.

— நான் போய்ப் பெட்டியைக் கட்டுறேன்.

— நீ ஒண்ணும் கட்ட வேணாம். அவர் போர்வை எதுன்னு கூட உனக்குத் தெரியாது. நானே கட்டுறேன். சொன்ன சொல்லுன்னா சொன்னதுதான். நீ அவர் பக்கத்துல இரு. நூல் சிக்குனா எடுத்து விடு, இழுக்காதே.

— சார், அந்தப் பொம்பளை எங்கே போச்சு?

— உள்ளேதான். சாமான் எடுத்து வைக்கிறா.

— அழுவா. பைப்பைத் திறந்து விட்டுட்டு அழுவா. வெளியே கேக்காதுன்னு நினைப்பு.

— உங்களுக்குக் கேக்குமா?

— மெஷின் ஹால்ல நின்ன காது சார் இது. அத்தனை ஊசி ஓடுற சத்தத்துல ஒரு ஊசி முனை உடைஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சுடும்.

— அப்பா, என்னை ஒரு தடவை நல்லாப் பாருங்க. நான் யாருன்னு தெரியலையா? குல்லாவை ஸ்கூல் வாசல்ல கழட்டிடுவேனே.

— அது என் பையன் சார். உங்களுக்கு அவனைத் தெரியுமா? அவன் வெளியூர்ல இருக்கான். காது அரிக்குதும்பான். அதுக்காக அவனுது மட்டும் நூலைத் தளர்த்தி விட்டு ஓட்டுவேன், மெத்துனு இருக்கட்டும்னு. அப்பவும் கழட்டித்தான் வச்சான். சின்னப் பய, என்ன சொல்றது?

— நீங்க அவன்கிட்ட சொல்லவே இல்லையே.

— சொன்னா, வேணாம்னு வைக்கிறப்போ அவனுக்குச் சங்கடமா இருக்குமில்ல? என்ன சார், கண்ணுல தூசியா? ஹால்ல பஞ்சு பறக்கும். பழகிடும்.

— பழகிடும். வெளியே ஹாரன் சத்தம் கேக்குது. அக்கா, வண்டி வந்துடுச்சு.

— கேட்டுச்சு. இந்தா பெட்டி. சொன்னபடி தூக்கிட்டு வந்துட்டேன். அழல பாரு.

— மூஞ்சியைத் துடைச்சுக்க.

— அது தண்ணி. கழுவினேன்.

— சார், இது யாரு பெட்டி?

— அது வந்து...

— யாராவது ஊருக்குப் போறாங்களா?

— ஆமாப்பா. ஒரு இடத்துக்கு. நல்ல இடம்தான். நல்லாப் பாத்துப்பாங்க.

— டேய், அவர்கிட்ட எதுக்கு இதெல்லாம்?

— கேக்கிறாரே அக்கா. பொய் சொல்லி வண்டியில ஏத்த எனக்கு மனசு வரல.

— அங்கே குளிருமா சார்?

— காலையில கொஞ்சம் குளிரும்.

— போனா எப்ப திரும்பி வரலாம்?

— தெரியலப்பா.

— வர முடியாதா?

— தெரியல.

— அப்பா? என்னாச்சு? ஏன் நிறுத்திட்டீங்க? கையை ஏன் எடுத்துட்டீங்க?

— அந்தத் தையல் ஊசியைக் குடு.

— என்னது?

— ஊசிம்மா, காது கேக்கலையா? கத்திரியும் குடு.

— இந்தாங்க. இந்தாங்கப்பா. டேய், கத்திரியைக் குடு அவர்கிட்ட. குடுடா!

— அக்கா, அறுத்துட்டார். நூலை அறுத்துட்டார்.

— மூச்சு விடாதே. கலைச்சுடாதே.

— இது ஒண்ணு. அடுத்தவன் வா. நீயும் வா. எவனையும் விட்டுடக் கூடாது. ஒரு கண்ணியை விட்டா, போட்டுக்கிறவங்க தலையில இருக்கிறப்போ அவுந்துடும், என்னங்கிறேன்? இப்ப மெதுவா இழுக்கணும். சுருங்குதா? ஒரு முடிச்சு, மேல இன்னொரு முடிச்சு. இப்ப அந்த முனையை இழு. அதுக்கும் முடிச்சு. பாதியை உள்ளே தள்ளு. நீளம் கொஞ்சம் ஜாஸ்தி. பரவாயில்ல, ஓரத்தை மடிச்சு விட்டுக்கலாம். ஆச்சு.

— முடிச்சுட்டார்! டேய், முடிச்சுட்டார்டா! கண்ணால பாத்தேல்ல? எல்லாம் உள்ளே இருக்குடா, ஒண்ணும் போகல! வண்டியைப் போகச் சொல்லு. சரின்னு சொன்னியா இல்லையா?

— சொன்னேன் அக்கா.

— அப்ப போ. போய்ச் சொல்லு, ஆள் வரலைன்னு.

— போறேன். இரு, அப்பா உன்னைக் கூப்பிடறார்.

— இங்கே வா அம்மாடி. தலையைக் குனி.

— என்னப்பா? என்ன சொன்னீங்க? டேய், கேட்டியா? அம்மாடின்னார்டா! என்னைத்தான்! குனியிறேன்ப்பா, இதோ குனிஞ்சுட்டேன்.

— காதை மூடிக்க, குளிரும். சரியா இருக்கு. சார், இவ என் பொண்ணு, பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க. பெட்டியை நான் வண்டி வரைக்கும் தூக்கிட்டு வரேன். கொஞ்ச காலமாவே இவளுக்குச் சரியில்ல சார். நான் பின்னி வைக்கிறதையெல்லாம் தினமும் உக்காந்து பிரிச்சுடுறா, காலையில நூலைப் பாத்தாலே தெரிஞ்சுடும். முடிச்சுக் கையில குடுத்துட்டா அப்புறம் பிரிக்கிறதுக்கு இல்லாம தவிச்சுப் போயிடுவாளேன்னுதான், இத்தனை நாளா முடிக்காமலே ஓட்டிக்கிட்டிருந்தேன்.